ஓரிகன் பாதைக்கு எருதா, கோவேறு கழுதையா?

அமெரிக்காவில் மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து மேற்கே ஓரிகன் வரை சுமார் 3,200 கிலோமீட்டர், அதாவது 2,000 மைல். 1840-களில் புது நிலம் தேடிக் குடும்பத்தோடு அந்தப் பாதையில் கிளம்பியவர்களுக்கு முதல் கேள்வியே கூண்டு வண்டியில் எதைப் பூட்டுவது என்பதுதான். குதிரையை விட்டுவிடலாம், ஏறிப் போக நல்லது, மாதக்கணக்கில் பாரம் இழுக்கத் தாங்காது. மிச்சம் எருதும் கோவேறு கழுதையும். நான் எருது கட்சி.

வேகத்தில் கோவேறு கழுதை முந்தும், வெயிலையும் நன்றாகத் தாங்கும். எருது மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. விலையில் எருதுதான் மலிவு. ராணுவ கேப்டன் ராண்டால்ஃப் மார்சி 1859-இல் பயணிகளுக்குச் சொன்ன கணக்கில் ஆறு கோவேறு கழுதைகள் 600 டாலர், எட்டு எருதுகள் சுமார் 200 டாலர்.

ஆனால் என்னைச் சாய்த்தது விலை இல்லை, தீவனம். கோவேறு கழுதை நாள் முழுக்க இழுத்தும் உடம்பு வற்றாமல் இருக்க, புல் செழிப்பாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் தானியம் வேண்டும். வழியில் தானியம் கிடைப்பது அபூர்வம். கூடவே கொண்டுபோனால் அந்த மூட்டைகளையும் அதே வண்டிதான் சுமக்கும், குடும்பத்துக்கான மாவுக்கும் உப்புக்கண்டத்துக்கும் இடம் குறையும். எருதை அவிழ்த்துவிட்டால் சுமாரான புல்லையும் மேய்ந்து, படுத்து அசைபோட்டுத் தேறிவிடும். 1,000 மைலுக்கு மிகாமல், புல்லும் நிறைய உள்ள பயணம் என்றால் மார்சியே கோவேறு கழுதையைத்தான் சொல்கிறார். 1,500, 2,000 மைல் என்றால் இளம் எருது. அவ்வளவு தூரத்தில் எருதும் அதே நாட்களில் போய்ச் சேர்ந்துவிடும் என்கிறார். அப்படியானால் வேகத்துக்கு எதற்கு மும்மடங்கு பணம்?

எருதின் தொல்லை லாடம். பிளந்த குளம்பு, அதனால் காலுக்கு இரண்டு துண்டு. மூன்று காலில் நிற்கவும் செய்யாது. பள்ளம் வெட்டி மல்லாத்திப் போட்டு அடித்தார்கள். நம் ஊரிலும் வண்டிமாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துத்தானே லாடம் கட்டுகிறோம்.

கோவேறு கழுதை முரண்டு பிடிக்கும் என்பது எனக்குப் படித்த சங்கதிதான், ஓட்டிப் பழக்கமில்லை. அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்புறம், உணவு தீர்ந்தால் எருது கறியாகும். பிழைத்துப் போய்ச் சேர்ந்தால் அதே ஜோடி புது நிலத்தை உழும். 1849-இல் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடிய தனியாள் கோவேறு கழுதையைப் பிடித்தால் அது சரி. அவனுக்கு ஏர் பூட்டும் எண்ணமே இல்லையே.