சிட்னியின் நீராவி டிராம் என்ஜின்கள்: 1ஏ-வா, 103ஏ-வா?

இரண்டும் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையில் செய்தவை. குதிரைகள் மிரளாமல் இருக்க, கொதிகலனைப் பெட்டி போல மூடியிருப்பார்கள்; தூரத்தில் பார்த்தால் புகைபோக்கி வைத்த சின்ன வண்டிதான்.

1ஏ மூத்தது. 1879 சர்வதேசக் கண்காட்சிக்காகத் தற்காலிகமாக வந்த நான்கில் ஒன்று. கூட்டம் அலைமோதியதால் டிராம் நிலைத்துவிட்டது. சிட்னியில் நீராவி டிராம்கள் 1937 வரை ஓடின. 1ஏ இப்போது சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வரலாற்றுப் பெருமை முழுக்க இதற்குத்தான்.

103ஏ 1891-ல் செய்தது. 1993-ல் பாரமட்டா பூங்காக் கொட்டகை தீப்பிடித்தபோது இதுவும் வெந்தது. அப்புறம் ஆர்வலர்கள் சீர்செய்து, வேலி ஹைட்ஸ் ரயில் அருங்காட்சியகத்தில் மறுபடி நீராவி ஏற்றினார்கள். சூடான எண்ணெய் வாசனையும் கரிப்புகையும் சேர்ந்து வரும் என்ஜின்தான் எனக்குப் பிடிக்கும். ஒன்றைத்தான் பார்க்க முடியுமென்றால், யோசிக்காமல் 103ஏ.