கைக்குழந்தைக்கான பல்ஸ் ஆக்ஸிமீட்டர்: நான்கு மாதம் வைத்துப் பார்த்ததில்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் பிராணவாயு எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவிதான் இது; கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் கிளிப் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது, அதையே பாப்பாவுக்கும் மாட்டிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். நாங்கள் நினைத்தோம். கட்டைவிரலில் மாட்டினால் கழன்று விழுந்தது, பாதத்தைக் கவ்வ வைத்தால் 98 என்றது, அடுத்த நொடி 61, அப்புறம் வெறும் கோடு. அந்த 61ஐப் பார்த்துவிட்டு இரவு பதினொன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கே 84. அவளுக்கு 84 என்றால் நல்ல நாள்.

எங்கள் பெண்ணுக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், அதனால் பிராணவாயு ஏறாத ரத்தமும் கலந்து உடம்புக்குப் போய்விடும். பிறந்த மறுநாள் நர்ஸ் வலது கையிலும் ஒரு காலிலும் சென்சாரைச் சுற்றிப் பார்த்ததில்தான் தெரிந்தது. 95 இருக்க வேண்டிய இடத்தில் 88. உடனே எக்கோ, அதாவது இதய ஸ்கேன். ஆறு மாத வாக்கில் ஆபரேஷன், அதுவரை எடை ஏற வேண்டும், வீட்டில் குழந்தைக்கான ஆக்ஸிமீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இது கைக்காசு, 7,400 ரூபாய்.

கம்பெனி பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். பழைய செங்கல் போன் அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் பாதத்தைச் சுற்றிக் கட்டும் மெத்தென்ற பட்டை. ஒரு பக்கம் சிவப்பு விளக்கும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விளக்கும், எதிர்ப் பக்கம் அதைப் பிடிக்கும் கண். இரண்டும் நேருக்கு நேர் இருந்தால்தான் எண் நிலைக்கும். கால் ஜில்லென்று இருந்தாலோ உதைத்துக்கொண்டிருந்தாலோ வருகிற எண்ணை நம்பக் கூடாது. நாடித்துடிப்பு அலை சீராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் எண்ணைப் பாருங்கள். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை, வார்டில் ஒரு சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்.

பெரிய குறை அலாரம். 90க்குக் கீழே போனால் கத்தும்படி கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். எங்கள் பெண் ஒருநாளும் 90ஐத் தொட்டதில்லை. முதல் இரவு முழுக்க அது கத்த, அவள் எழுந்து அழ, அழுததால் எண் இன்னும் இறங்க, இது இன்னும் கத்த. விடியும்போது அதைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்ட மாதிரி இல்லை. மறுநாள் டாக்டரிடம் கேட்டு அவளுக்கான எல்லையை மாற்றினோம். உங்கள் குழந்தைக்கு எது எல்லை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், என்னிடம் கேட்காதீர்கள்.

அப்புறம் மை விஷயம். முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தோம். ஊரைக் கூட்டாமல் பத்துப் பேர்தான். ஆனால் பாப்பா நீலம் பாரிக்கிறாள் என்றால் கண்ணேறுதான் காரணம் என்று அம்மாச்சி முடிவு செய்திருந்ததால், கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் எட்டணா அளவுக்கு ஒன்று என்று மை வைத்துவிட்டது. சாயங்காலம் பட்டையைக் கட்டினால் எண்ணே வரவில்லை. பட்டையை மாற்றி, பேட்டரியை மாற்றி, கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டையும் போட்டபின் தங்கச்சிதான் கேட்டாள், "அக்கா, வெளிச்சம் இந்த மையைத் தாண்டிப் போகுமா?" எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் 82. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மாச்சியிடம் "ஆத்தா, கன்னத்துல எவ்வளவு வேணா வையி, காலை விட்டுரு" என்றேன். சரி என்றது, ஆனால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது.

மெஷின் தன் விலைக்கு வேலை செய்தது மூன்றாம் மாதம். காலையில் எழுந்து வீறிட்டு அழுதவள் உதடெல்லாம் கருநீலமானாள். 70, 64, 58. சொல்லிக் கொடுத்தபடி இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் காலுக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, நுரையீரல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புமாம். வீட்டுக்காரர் 108க்குப் போன் போட்டார். வண்டி வருவதற்குள் 71 வந்து, 79க்கு ஏறியது. மெஷின் இல்லாவிட்டாலும் உதட்டைப் பார்த்தே மடக்கியிருப்பேன்தான், ஆனால் ஏறுகிறது என்று தெரிந்ததால் கை நடுங்கவில்லை. அதன்பின் ப்ராப்ரனலால் மருந்து ஆரம்பித்தார்கள், இன்றுவரை அப்படி வரவில்லை.

இன்னும் சில்லறைக் குறைகள். ஒயர் ஒரு மீட்டர்தான், சேலைத் தூளியில் போட்டு ஆட்டினால் பெட்டியும் கூடவே ஆடும். பட்டை இரண்டு மாதத்தில் பிய்ந்தது, தனியாக 900 ரூபாய். ஒரே காலில் வெகுநேரம் கட்டி வைத்தால் தோல் சிவக்கிறது, மாற்றி மாற்றிக் கட்டுங்கள். நாங்கள் இப்போது நாள் முழுக்கக் கட்டுவதே இல்லை. டாக்டர் சொன்ன வேளைகளிலும், உதடு நிறம் மாறியது போல இருந்தாலும் மட்டும்தான்.

ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது அலாரத்துக்கு. விளக்கப் புத்தகம் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது, அதிலும் எல்லையை மாற்றுவது எப்படி என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். டாக்டர் சொன்ன எல்லையை வாங்கும்போதே கடையில் நின்று வைத்து வாங்கிவிடுங்கள், முதல் இரவாவது தூங்கலாம்.