ஃபாண்டன்ட் இல்லாத கார் கேக்: விப்பிங் கிரீமோடு மூன்று வருடம்

கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் போடாமல் தீம் கேக் வருமா என்று தோழி கேட்டாள். தாராளமாக வரும். மூன்று வருடமாக நான்-டெய்ரி (பாலில்லாத) விப்பிங் கிரீம் ஒன்றையே வைத்துக் கார், கடல், பண்ணை என்று எல்லாத் தீமும் ஒப்பேற்றியாகிவிட்டது. சிவப்பு நிறம் ஒன்றுதான் இன்றுவரை மானத்தை வாங்குகிறது.

கிரீமைக் குறை சொல்ல முடியாது. 7 அங்குல வட்டக் கேக்குக்கு 400 மில்லி போதும். முந்தின இரவே பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். மறுநாள் ஊற்றும்போது லேசாகப் பனித்துகள் தட்டுப்பட்டால் அதுதான் சரியான பதம். கிண்ணத்தையும் பீட்டர் கம்பியையும் 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். முழுக்க உருகி அறை வெப்பத்துக்கு வந்த கிரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் தளதளவென்றே கிடக்கும்.

இனி சிவப்பு. கிரீமே வெள்ளை, அடிக்க அடிக்க உள்ளே காற்றும் ஏறுகிறது. எந்த நிறத்தைக் கலந்தாலும் வெளுத்துத்தான் தெரியும். பச்சைக்கும் நீலத்துக்கும் அந்த வெளுப்பே அழகு. சிவப்பு மட்டும் ரோஸாகிவிடும். போதவில்லையே என்று கலரை ஊற்றினால் கிரீம் இளகும், நாக்கில் கசக்கும், பிள்ளைகளின் பல்லும் சட்டையும் சாயமாகும். இளகியதை இறுக்கலாம் என்று மறுபடி பீட்டரை விட்டால் வழவழப்பு போய்த் திரிதிரியாக, ஓட்டை ஓட்டையாக நிற்கும். அதை ஸ்கிரேப்பரால் இழுத்தால் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த மாதிரி இருக்கும். இரண்டு ஸ்பூன் அடிக்காத கிரீமை ஊற்றிக் கையால் மெதுவாகக் கலந்தால் ஓரளவு மீளும். நிறம் அதற்குள் இன்னும் வெளுத்திருக்கும்!

இருப்பதில் உருப்படியான வழி இது. கிரீம் சாஃப்ட் பீக்கில், அதாவது பீட்டரைத் தூக்கினால் நுனி மடங்கிச் சாயும் பதத்தில் இருக்கும்போதே வேண்டிய அளவைத் தனியே எடுத்து, ஜெல் கலர் கலந்து, மூடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நிறம் தானாகவே கொஞ்சம் ஏறும். தண்ணீர்க் கலர் வேண்டவே வேண்டாம். இத்தனை செய்தும் மாதுளை முத்து நிறம்தான் கிடைக்கும், தீயணைப்பு வண்டிச் சிவப்பு கிடைக்காது.

எதிர்பாராத சந்தோஷம் தார் ரோடு. கறுப்புக் கலர் இன்னும் கசப்பு என்பதால் அதைத் தொடுவதே இல்லை. சாக்லேட் பிஸ்கட் ஏழெட்டை எடுத்து, நடுவிலுள்ள கிரீமைச் சுரண்டிவிட்டுப் பொடியுங்கள். கேக்கை அரை மணி நேரம் குளிரவைத்து, ரோடு வடிவில் வெட்டியெடுத்த பட்டர் பேப்பரை மேலே வைத்து, அந்த இடைவெளியில் பொடியைத் தூவி, ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்திவிட்டுத் தாளை நேராக மேலே தூக்குங்கள். குளிராத கேக்கென்றால் தாளோடு கிரீமும் வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் பொடி ஈரத்தை இழுத்துக் கறுத்து, மழை பெய்து ஓய்ந்த ரோடு மாதிரியே ஆகிவிடும். நடுவில் 3ஆம் நம்பர் நாசிலால் (கிரீம் பிழியும் பையின் முனை) வெள்ளைக் கோடு விட்டுவிட்டு இழுத்தால், அத்தனை அழகு.

புல்லுக்கு 233ஆம் நம்பர் நாசில். பையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், உள்ளங்கைச் சூட்டிலேயே கிரீம் இளகிவிடும். அழுத்தி, அழுத்தத்தை விட்டபிறகு மேலே இழுத்தால் நுனி கூராக நிற்கும்.

கார் மட்டும் பொம்மைக் கார். கழுவித் துடைத்து, அடியில் பட்டர் பேப்பர் வைத்து நிறுத்துங்கள். வேண்டிய சிவப்பு அதிலேயே வந்துவிடுகிறது.

பட்டர்கிரீம் சிவப்பை இதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் சென்னை மே மாதத்தில் மேசைக்கு வந்த பத்தாவது நிமிடமே வழியத் தொடங்கும். இருந்தாலும் முழுச் சிவப்புக் கேக்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இந்தக் கிரீமை வாங்கவே வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இதேதான். ஃப்ரீசரில் இன்னும் இரண்டு பாக்கெட் இருக்கிறது.