லினக்ஸில் டயல்-அப்: வெளி மோடமா, வின்மோடமா?

டயல்-அப் என்பது தொலைபேசி லைன் வழியே இணையத்தில் இணைவது. அதற்குச் சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடத்துக்குத் தனி டிரைவர் வேண்டாம். அதனாலேயே என் ஓட்டு அதற்குத்தான். கோளாறு எங்கே என்பதும் சட்டென்று தெரிந்துவிடும். மினிகாம் என்ற சீரியல் டெர்மினல் நிரலில் டிடிஒய்எஸ்0 (முதல் சீரியல்) போர்ட்டைத் திறந்து 'ஏடி' என்று அடித்து என்டர் தட்டுங்கள். 'ஓகே' வந்தால் மோடமும் கேபிளும் சரி. லைனில் டோன் கேட்டும் 'நோ டயல்டோன்' என்றால், 'ஏடிஎக்ஸ்3' கொடுங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். மறுமுனை எடுத்த பிறகு இணைப்பு அறுந்தால், பிபிபி (மோடம் வழி இணைய இணைப்பை நடத்தும் நெறிமுறை) அமைப்பையும் கடவுச்சொல்லையும் பாருங்கள்.

கணினிக்குள் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் வின்மோடம் விலை குறைவு. ஆனால் சிக்னல் வேலையைக் கணினியின் பிராசசர் தலையில் கட்டிவிடும். பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் சிப் பெயரைப் பார்த்து, லூசென்ட், ஸ்மார்ட்லிங்க் என்று அதற்கேற்ற டிரைவரைத் தேடவேண்டும். அந்த டிரைவர்களிலும் ஒரு பகுதி மூடிய நிரல். லினக்ஸின் மையமான கெர்னலை மாற்றினால் டிரைவரை மறுபடி கம்பைல் செய்யவேண்டும்.