அல்சூர் ஜெராக்ஸ் கடையில் அம்மாவின் கண்

நவம்பர் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு கலவரம். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று சான்று கொடுத்தால்தான் அப்பாவின் குடும்ப பென்ஷன் தொடரும். போன வருஷம் வங்கியில் இருந்த கைரேகை மிஷின் அம்மாவின் பத்து விரலில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. நாற்பது வருஷம் ஆட்டுக்கல்லும் சாம்பலும் பழகிய கை, ரேகை எங்கே மிஞ்சும்? மூன்று நடை நடந்து, கடைசியில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

இந்தத் தடவை எதிர்வீட்டு மாமி சொல்லி, பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். ஜீவன் பிரமாண், அதாவது ஆன்லைன் உயிர்ச்சான்று எடுக்க 'கண்ணு மிஷின்' இருக்கிறதாம். இருந்தது, ஆனால் மேஜை டிராயருக்குள்! "விரல் வேலைக்காகாது" என்று நான் முதலிலேயே சொல்லியும், ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து விரலையே கால் மணி நேரம் அழுத்த வைத்தார் கடைக்காரர். என் பெரிய புகார் இதுதான்.

மிஷின் உள்ளங்கை அளவுதான். ஒரு கண்ணை மட்டும் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். "ஆபரேஷன் பண்ணின கண்ணுப்பா, லேசர் அடிக்குமா?" என்று அம்மா பின்வாங்கினார். லேசர் எல்லாம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் போட்டோதான். நம்முடைய கறுத்த கண்ணில் சாதாரண வெளிச்சத்தில் தெரியாத மடிப்பும் இழையும் அந்த ஒளியில் தெளிவாக விழும். கண்புரைக்கு வைத்த லென்ஸ் இருப்பது கருவிழிக்குப் பின்னால், மிஷின் பார்ப்பது கருவிழியை மட்டும்தான். இதை நான் சொன்னபோது கேட்காதவர், கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது பாட்டிம்மா" என்றதும் சமாதானமானார்.

வாசல் வெயில் கண்ணில் பளபளக்கிறது என்று கடைக்காரர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். அப்புறமும் இமை தொங்கிக் கருவிழியில் பாதியை மறைத்தது. "பாம்பப் பாத்த மாதிரி முழிங்கம்மா" என்றார். அம்மா சிரித்ததில் கண் இன்னும் சுருங்கியது. கடைசியில் சொட்டு மருந்து விடும்போது செய்வதுபோல அம்மாவே விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தார். ஒரு பீப். இடது கண் பொருந்திவிட்டது.

2012-ல் ஆதாருக்காகப் பதிந்த கண் அது. நடுவில் முகம் ஒடுங்கி, தலை முழுக்க நரைத்து, ஆபரேஷனும் ஆகிவிட்டது. கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மேன் 1990களில் உருவாக்கிய முறையில் கருவிழியின் அமைப்பு 2048 பிட் குறியீடாக, அதாவது 0, 1 வரிசையாக மாறும் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கண்ணிலேயே அந்த மாதிரி வித்தை நடந்தபோதுதான் அசந்து போனேன்.

கடையை விட்டு இறங்குவதற்குள் பிரமாண் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. 70 ரூபாய் வாங்கினார், ரசீது தரவில்லை. பொறுமைக்காக ஐந்துக்கு நான்கு தருகிறேன், டிராயருக்காக அரை குறைத்துக்கொள்ளுங்கள். போகிறவர்கள் உள்ளே நுழைந்ததுமே "கண்ணு மிஷின் எடுங்க" என்று கேளுங்கள். போனைக் கையோடு கொண்டு போங்கள், ஓடிபி அதில்தான் வரும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஷட்டர் இறக்கியிருக்கும்.