த்ராட்டில் பாடி: கடைவதா, பெரியது மாட்டுவதா, இருப்பதைச் சுத்தம் செய்வதா?

1000, 1200 சிசி பெட்ரோல் கார் வைத்திருப்பவர் "பிக்கப் பத்தல" என்று சொன்னால் வந்து விழும் யோசனைகள் பெரும்பாலும் நான்குதான். இருக்கிற த்ராட்டில் பாடியை (ஆக்சிலரேட்டர் மிதியை அழுத்தினால் திறக்கும் தட்டு உள்ள, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) லேத்தில் கொடுத்து 2 மி.மீ கடைந்து பெரிதாக்கலாம். வேறு வண்டியின் பெரிய பாடியை மாட்டலாம். பெடலுக்கும் இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யூவுக்கும் நடுவில் பெடல் பாக்ஸ் என்ற சிறு மின்னணுப் பெட்டி போடலாம். இல்லையென்றால் கம்பெனி பாடியையே முறையாகச் சுத்தம் செய்து, காற்று வரும் வழியைச் சரி செய்துவிடலாம். என் வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது கடைசி வழி. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து, குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏற்றம் ஏறி, குளச்சல் கடல்காற்றில் நிற்கிற ஒரு சாதாரண வண்டிக்கு அதுதான் சரி என்பது என் முடிவு.

டீசல் வண்டிக்காரர்கள் இதில் நேரம் செலவிட வேண்டாம். டீசல் இன்ஜினில் சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் எரிபொருள் அளவு. அங்கே இருக்கும் த்ராட்டில் இ.ஜி.ஆர் வேலைக்கும் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது), வண்டியை அணைக்கும்போது அதிராமல் நிற்பதற்கும் உள்ளது. அதைப் பெரிதாக்கி ஒன்றும் வராது. பாடிக்கும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்கிற ஸ்பேசர் வளையமும் அப்படியே. இன்ஜெக்டர் சிலிண்டர் வாயிலேயே எரிபொருள் தெளிக்கிற இன்றைய இன்ஜினில், அதற்கு முன்னால் காற்றைச் சுழல விட்டு ஆகப்போவது எதுவுமில்லை.

கடைந்தால் எவ்வளவு சக்தி கூடும் என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போடலாம். 1200 சிசி இன்ஜின் 6000 ஆர்.பி.எம்மில், சிலிண்டர் கொள்ளளவில் 85 சதவீதம் நிரம்பினால், வினாடிக்கு ஏறக்குறைய 51 லிட்டர் காற்று இழுக்கும். 48 மி.மீ பாடியின் பரப்பு 1810 சதுர மி.மீ. நடுவில் தட்டைத் தாங்கும் 8 மி.மீ ஷாஃப்ட் மறைப்பதைக் கழித்தால் மிச்சம் 1430. அதன் வழியே காற்று வினாடிக்கு 36 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஏற்படும் அழுத்த இழப்பு ஒரு கிலோபாஸ்கலைத் தாண்டாது. வெளிக்காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக, த்ராட்டில் பாடியையே கழற்றி எறிந்தாலும் கிடைக்கக்கூடியது ஒரு சதவீதம். 48-ஐ 50 ஆக்கினால் பரப்பு 8.5 சதவீதம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு சதவீத இழப்பிலிருந்து ஒரு சிறு பகுதிதான் திரும்பி வரும். 80 குதிரைத்திறன் வண்டியில் அரை குதிரைத்திறன்கூடத் தேறாது.

கணக்கை நம்பாதவர்கள் வண்டியிலேயே அளக்கலாம். மேப் சென்சார் (மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டி என்றால், இ.சி.யூ எண்களைப் போனில் காட்டும் ஒரு சாதாரண ஓ.பி.டி புளூடூத் கருவி போதும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேப் அளவைக் குறியுங்கள்; கடலோரம் 100, 101 காட்டும். பிறகு காவல்கிணறு–கன்னியாகுமரி நான்குவழிச்சாலை மாதிரி நேரான, காலியான இடத்தில் இரண்டாவது கியரில் 2500-லிருந்து மிதியை முழுக்க அழுத்தி மேலே ஏற்றுங்கள். போனில் எண்ணைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை. 5500, 6000-இல் மேப் 98, 99 நின்றால் காற்று வழியில் அடைப்பே இல்லை. 95-க்குக் கீழே போனால் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு தடவை மறுபடி பாருங்கள். எண் ஏறிவிட்டால் குற்றவாளி ஃபில்டர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றிலும், எஸ்டேட் செம்மண் பாதையிலும் தினம் ஓடுகிற வண்டிக்குக் கையேட்டில் போட்ட கிலோமீட்டர் வரை ஃபில்டர் தாங்காது. ஃபில்டர் இல்லாமலும் 95-க்குக் கீழேயே நின்றால்தான் த்ராட்டிலைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் கடைந்த வண்டி "பறக்குது" என்று ஓட்டுபவர் சொல்வது பொய்யா? இல்லை. பாடி பெரிதானால் அதே அளவு மிதிக்கு முன்பைவிட அதிகக் காற்று போகும். 2000 ஆர்.பி.எம்மில் தட்டு பாதி திறப்பதற்குள்ளேயே இன்ஜினுக்கு வேண்டிய காற்று ஏறக்குறைய முழுவதும் கிடைத்துவிடும். மீதி மிதிக்குப் பெரிய வேலை இல்லை. ஆகவே முன்பு 30 சதவீத மிதியில் வந்த இழுவை இப்போது அதற்குக் கொஞ்சம் முன்பே வருகிறது. காலுக்கு அது சக்தியாகத் தெரிகிறது. முழு மிதியில் 40-லிருந்து 80 கி.மீ. வேகம் போகும் நேரத்தை எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சக்தி வராவிட்டால் போகட்டும், கேடு ஒன்றும் இல்லையே என்று நினைக்கலாம். கேடு இருக்கிறது. அது ஐடிலில், அதாவது மிதியைத் தொடாமல் இன்ஜின் ஓடும் நிலையில் இருக்கிறது. நான்கு வழிகளையும் எடைபோடும்போது என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒரே விஷயம்தான்.

1200 சிசி இன்ஜின் ஐடிலில் ஓட வினாடிக்கு 2 கிராம் அளவு காற்று போதும். தட்டுக்கு வெளியே 101 கிலோபாஸ்கல், உள்ளே அதில் மூன்றில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தில் அவ்வளவு காற்று நுழைய சுமார் 10 சதுர மி.மீ இடைவெளி இருந்தால் ஆயிற்று. இப்போது 50 மி.மீ துளையின் சுற்றளவைப் பாருங்கள்: 157 மி.மீ. தட்டுக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் 0.1 மி.மீ, அதாவது ஒரு தாளின் கனம், இடைவெளி விட்டாலே 15.7 சதுர மி.மீ ஆகிவிடுகிறது. தட்டு முழுக்க மூடியிருக்கும்போதே ஐடிலுக்கு வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு காற்று கசிகிறது என்று அர்த்தம். மிதி கம்பியால் தட்டை இழுக்கிற கேபிள் வண்டியில் ஐடில் வால்வு முழுக்க மூடிக்கொண்டாலும் ஆர்.பி.எம் 1200, 1300-க்குக் கீழே இறங்காது. மோட்டார் தட்டை அசைக்கிற எலக்ட்ரானிக் த்ராட்டிலில் இ.சி.யூ தட்டை மூடி மூடிப் பார்த்து, கடைசியில் பி 0507 என்ற பழுதுக் குறியீடு போட்டு செக் இன்ஜின் விளக்கை ஏற்றும்.

லேத்தில் துளையை நேராகக் கடைவது பெரிய வித்தை இல்லை. தட்டுதான் வித்தை. தட்டு வட்டம் கிடையாது. அது 90 டிகிரியில் மூடாமல் சில டிகிரி சாய்ந்து மூடுவதால் மெல்லிய நீள்வட்டம். 50 மி.மீ துளையில் 7 டிகிரியில் மூட வேண்டும் என்றால் ஷாஃப்ட் திசையில் 50.00, குறுக்கே 50.38 இருக்க வேண்டும்; விளிம்பும் அதே சாய்வில் சீவியிருக்க வேண்டும். பித்தளைத் தகட்டில் வட்டமாக வெட்டி, அரத்தால் ராவிப் பொருத்தினால் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் ஒளி தெரியும். பாடியைக் கையில் எடுத்து தட்டை மென்மையாக மூடி ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். எலக்ட்ரானிக் பாடியில், மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங் தட்டைக் கொஞ்சம் திறந்தே நிறுத்தும். பழுதானால் வண்டி ஊர்ந்தாவது போவதற்காக வைத்த ஏற்பாடு அது. அந்தத் திறப்பைக் கசிவு என்று நினைத்துவிட வேண்டாம்.

அடுத்தது திருகாணிகள். தட்டை ஷாஃப்டில் பிடிக்கும் இரண்டு சிறு திருகாணிகளின் முனையைக் கம்பெனியில் நசுக்கி விட்டிருப்பார்கள். கழற்றினால் அந்தப் பிடிப்பு போய்விடும். புதிய திருகாணி, லாக் பசை, முனையை மறுபடி நசுக்குவது இவை மூன்றில் எதை விட்டாலும் ஒரு நாள் திருகாணி நேராக சிலிண்டருக்குள் போகும். காற்றோட்டத்துக்காக ஷாஃப்டைப் பாதியாகச் சீவுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஓரளவு பலன் உண்டு, ஏனென்றால் மறைப்பது அதுதான். ஆனால் திருகாணி பிடிக்கும் உலோகமும் அங்கேதான் குறைகிறது.

நம் பகுதிக்கு இன்னொன்றும் சேர்கிறது. கடையும்போது துளையின் உள்பூச்சு போய்விடும். வெறும் அலுமினியம் உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூத்து, புள்ளி புள்ளியாக அரிக்கும். கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை அந்தச் சொரசொரப்பில் நன்றாக ஒட்டும். தட்டு மூடும் இடத்தில் கறுப்பு வளையம் சீக்கிரம் கட்டும். முதலில் கூடுதலாக இருந்த ஐடில் பிறகு ஒட்டி ஒட்டித் துள்ளும். வடசேரி பஸ் ஸ்டாண்ட் முன்னால் ஏ.சி. போட்டு முதல் கியரில் ஊரும்போது வண்டி தானாக முட்டித் தள்ளினால் அந்த அரை குதிரைத்திறன் யாருக்கு வேண்டும்? மலையிலிருந்து இரண்டாவது கியரில் இறங்கும்போதும் கூடுதல் ஐடில் வண்டியை முன்னே தள்ளும். அதை பிரேக்தான் தாங்க வேண்டும்.

வேறு வண்டியின் பெரிய பாடியில் தட்டும் துளையும் கம்பெனிப் பொருத்தம் என்பதால் கசிவுத் தொல்லை இல்லை. அந்த வகையில் கடைவதைவிட இது மேல். ஆனால் போல்ட் இடைவெளி, கனெக்டரின் பின் வரிசை, சென்சாரின் வோல்டேஜ் ஏறும் விதம் மூன்றும் ஒத்து வர வேண்டும். கேபிள் வண்டியில் மூடிய நிலையில் 0.5 வோல்ட், முழுத் திறப்பில் 4.5 வோல்ட் சுற்றி வந்தால் சமாளிக்கலாம். எலக்ட்ரானிக்கில் இரண்டு சென்சார்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் பி 2135 வந்து வண்டி லிம்ப் மோடுக்கு (சக்தியைக் குறைத்து ஊர்ந்து போகும் நிலை) போகும். அதையும் கடந்தால், எத்தனை டிகிரிக்கு எவ்வளவு காற்று என்று இ.சி.யூவில் எழுதிய அட்டவணை பழைய பாடிக்கானது. அதை மாற்றி எழுதும் ரீமேப் இல்லாமல் முடியாது. மேனிஃபோல்டு வாய் 48-லேயே இருந்தால் சுற்றிலும் படி விழும், அதையும் கேஸ்கெட்டோடு சேர்த்துச் சீவ வேண்டும்.

பெடல் பாக்ஸ் காற்றைத் தொடுவதே இல்லை. 30 சதவீத மிதியை 45 என்று இ.சி.யூவுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். கடைந்த வண்டி தருகிற அதே உணர்ச்சி, கழற்றினால் வண்டி பழையபடி. விற்கும்போதும் தொல்லையில்லை. பிக்கப் உணர்வு மட்டும் வேண்டும் என்பவர் கடைவதற்குப் பதில் இதை வாங்கட்டும். விலை குறைந்த பெட்டியின் கனெக்டர் பின்கள் ஈரத்தில் பச்சை பூத்தால் பி 2138 என்ற மிதி சென்சார் பழுதுக் குறியீடு வரும், அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நீண்ட காலத்தில் எந்தப் பெட்டி எப்படித் தாங்கும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. டர்போ பெட்ரோல் வண்டிகளிலும் என் கைப்பழக்கம் குறைவு. மேலே போட்ட கணக்கு டர்போ இல்லாத இன்ஜினுக்கானது.

இனி நான் சொல்லும் வழி. 20,000 முதல் 30,000 கி.மீக்கு ஒரு முறை போதும்; குறுகிய தூரமே ஓடுகிற வண்டிக்கு முன்னதாக. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். ஏர் பைப் கிளாம்பைத் தளர்த்தி, கனெக்டரைக் கழற்றி, நான்கு போல்ட்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் பாடிக்குள் கூலன்ட் ஹோஸ் இரண்டு போகும். நம் ஊரில் பாடிக்குள் பனி உறையப்போவதில்லை என்று அதைத் துண்டித்து விடுகிறவர்கள் உண்டு. பழைய கேபிள் வண்டிகள் சிலவற்றில் குளிரில் கூடுதலாக இருக்கும் ஐடிலை இன்ஜின் சூடானதும் குறைக்கும் மெழுகு வால்வு அந்தச் சூட்டில்தான் வேலை செய்கிறது. துண்டித்தால் ஐடில் இறங்கவே இறங்காது. ஹோஸை அப்படியே விட்டுவிடுங்கள்.

த்ராட்டில் கிளீனரைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். மோட்டார் பக்கமும் ஷாஃப்ட் முனையிலும் நேராக அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போகும். தின்னர், எமரித் தாள், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. சுவரின் பூச்சுதான் நாம் காப்பாற்றப் பார்க்கிற பொருள். அழுக்கு அதிகம் இருப்பது முன்பக்கத்தில் அல்ல, தட்டின் பின்பக்க விளிம்பிலும் அது மூடும் இடத்து வளையத்திலும். மென்மையான பல் பிரஷ் போதும். ஓ-ரிங்கையோ கேஸ்கெட்டையோ புதிதாகப் போடுங்கள். எம்6 போல்ட் என்றால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் அதற்கு மேல் முறுக்கினால் உள்ளே இருக்கும் பித்தளை நட்டு சுழன்று வந்துவிடும். கிராங்க்கேஸ் புகையை உள்ளே விடும் பி.சி.வி வால்வைக் குலுக்கினால் சத்தம் கேட்கிறதா என்று அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். அது அடைத்திருந்தால் அல்லது திறந்தே கிடந்தால் அடுத்த சில மாதத்தில் மறுபடி அதே கறுப்பு.

மாட்டியதும் ஐடில் கொஞ்சம் ஏறி நிற்கலாம். அழுக்கை ஈடுகட்ட இ.சி.யூ தட்டை அதிகம் திறந்து பழகியிருந்தது, அதனால்தான். பல வண்டிகளில் சாவி ஆன் செய்து பத்து வினாடி, ஆஃப் செய்து பத்து வினாடி, பிறகு மிதியைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து ஃபேன் இரண்டு முறை ஓடும் வரை விட்டு, அடுத்து ஏ.சி. போட்டு ஐந்து நிமிடம் விட்டால் சரியாகிவிடும். சில வண்டிகளில் ஸ்கேனர் வைத்து இ.சி.யூவுக்கு மறுபடி பழக்க வேண்டும் (ரீலேர்ன்).

கேம்ஷாஃப்ட் மாற்றி, ஹெட்டைத் திறந்து போர்ட் சீவி, 7000-க்கு மேல் சுழல விடுகிற இன்ஜினுக்குப் பெரிய த்ராட்டில் நியாயமான தேவை. அப்போதும் உங்கள் வண்டியோடு வந்த பாடியைக் கடையக் கொடுக்காதீர்கள். அதைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டு, பழைய உதிரிபாகக் கடையில் இன்னொன்று வாங்குங்கள். வாங்கும்போது ஷாஃப்டின் இரு முனையையும் விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அசைவு தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு நன்றாகக் கடைந்தாலும் அந்தத் தட்டு ஒரே இடத்தில் மூடாது.