டாக்டர் ஹூ மஃப்ளருக்கு ஊட்டி உல்லன் நூல் தேறுமா?

ஊட்டி மார்க்கெட் பக்கத்து உல்லன் கடையில் 4 பிளை (நாலு இழை முறுக்கிய) அக்ரிலிக் நூல்தான் அதிகம் ஓடுகிறது. ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரில் 1974 முதல் நடிகர் டாம் பேக்கர் சுற்றிக்கொண்ட நீளப் பட்டை மஃப்ளருக்கு அது தாராளமாகப் போதும். நிறம்தான் தலைவலி. அலமாரி முழுக்க ரோஸும் கிளிப்பச்சையும். பழுப்பு, கடுகு, சாம்பல் எல்லாம் கேட்டால்தான் உள்ளேயிருந்து வரும். லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) மாறினால் வெயிலில் திட்டுத்திட்டாகத் தெரியும், மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

4 மி.மீ. ஊசி, ஊசியில் 60 கண் (தையல்), எல்லா வரிசையும் நேர்ப்பின்னல் (நிட்). ஒவ்வொரு பட்டையும் இரட்டைப்படை வரிசையில் முடியட்டும். அப்போதுதான் நிறம் மாறும் இடம் எப்போதும் ஒரே பக்கத்தில் வரும். இல்லையென்றால் முன்பக்கமே இருநிறப் புள்ளிக்கோடு விழும்.

இந்தப் பின்னல் தன் எடையிலேயே இழுபடும். ஈரத்தோடு கொடியில் போட்டால் தீர்ந்தது கதை. டவலில் சுருட்டி அழுத்தி, படுக்கையாக விரித்துக் காயவையுங்கள். இந்த மூடுபனியில் சீக்கிரம் காயாதுதான். இஸ்திரி வேண்டவே வேண்டாம், சூடு பட்டால் அக்ரிலிக் சப்பையாகிவிடும்.

மூல மஃப்ளரைப் பின்னிய பெகோனியா போப், கொடுத்த நூலையெல்லாம் பின்னித் தீர்த்ததால்தான் அவ்வளவு நீளம். அதே வழியில் போனால் பில் எகிறும்.

குரோஷா ஊசி மட்டும் இங்கே வாங்காதீர்கள். கொக்கி முனை சொரசொரப்பு, இழை பிரிகிறது.